ஒகேனக்கல் போகிறோம், எந்த லென்ஸ் எடுத்துக்கொள்வது?

தூரத்து மிருகத்தைப் படம் எடுக்க எத்தனை எம்எம் லென்ஸ் (எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, "எவ்வளவு தூரத்தில் இருக்கும்?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. 400 போதுமா, 600 வேண்டுமா, லென்ஸ் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா வாங்கலாமா என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்திருப்பார்கள். போகப்போகிற இடத்தில் பறவை கரையிலிருந்து முப்பது மீட்டரில் உட்காருமா, நூறு மீட்டரில் உட்காருமா என்று யோசித்திருக்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் லென்ஸ் தேடுவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குகிற வேலை.

இந்தத் தை மாதம் அண்ணன் மகன் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டான். கிருஷ்ணகிரியில் கிளம்பி ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். திரும்பும்போது பென்னாகரம், தர்மபுரி. அண்ணனுடைய கார். அவனிடம் கேனான் 1500டி கேமரா இருக்கிறது, கூடவே வந்த 18-55 லென்ஸும் 55-250 லென்ஸும் இருக்கின்றன. "அத்தை, சிக்மா 150-600 வாங்கிடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று போனில் கேட்டான். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டிலிருந்து கேஆர்பி அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, பக்கம்தான். "பணத்தை அப்புறம் எடுக்கலாம், முதல்ல ஞாயித்துக்கிழமை காலையில அணைக்கு வா, கையில இருக்கற லென்ஸோட" என்றேன்.

அணையின் நீர்ப்பிடிப்புக் கரையில் உட்கார்ந்து நாங்கள் செய்த வேலை ரொம்பச் சாதாரணமானது. தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு பழைய கம்பத்தின்மேல் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அடிக்கடி வந்து உட்கார்ந்தது. போனில் வரைபடத்தைத் திறந்து, நாங்கள் இருந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கிற வசதியைத் தட்டி, கம்பம் இருக்கும் இடம் வரை கோட்டை இழுத்தோம். ஏறக்குறைய அறுபது மீட்டர் காட்டியது. பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் கரைக்கு வந்தபோது கேட்டேன், அவரும் அந்தத் தூரத்தைத்தான் சொன்னார், அவர் கணக்கு பாகத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தில், இருந்தாலும்.

தூரம் கிடைத்துவிட்டால் மீதி பள்ளிக்கூடக் கணக்கு. கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்கிற சென்சாரின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, தூரத்தோடு பெருக்கி, லென்ஸின் எம்எம்மால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் அடங்கும் என்று வந்துவிடும். 1500டியின் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம். 250 எம்எம்மில் அறுபது மீட்டர் தூரத்துக்கு ஐந்தே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. மீன்கொத்தி ஒரு அடி நீளம்தான். அதாவது படத்தின் அகலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம் என்பதால், பறவைக்குக் கிடைப்பது முந்நூற்று முப்பது பிக்சல் போல. போனில் பார்க்கப் போதும், சட்டம் போட்டு மாட்டப் போதாது. அதே இடத்தில் 600 எம்எம் வைத்தால் இரண்டே கால் மீட்டருக்குள் காட்சி சுருங்கிவிடும், பறவைக்கு எண்ணூறு பிக்சல் கிடைக்கும். இதைவிடப் பெரிய சென்சார் உள்ள முழு பிரேம் கேமரா வைத்திருப்பவர்கள் 22.3க்குப் பதில் 36 போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிவிடும். அதே 250 எம்எம்மை வைத்துக்கொண்டு பறவைக்கு முப்பது மீட்டர் அருகில் இருந்தால், அறுபது மீட்டரில் நின்று 500 எம்எம் லென்ஸில் எடுத்ததற்குச் சமம். நாம் நெருங்கிப் போனால் பறந்துவிடும், அது வேறு. ஆனால் கரையோரப் புதர் நிழலில் அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மீன்கொத்தியே பக்கத்துப் பாறைக்கு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. இறக்கையை அடித்தபடி ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று, கழுத்தைத் தொங்கவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கத் துடிக்க, தலை மட்டும் ஆணி அடித்ததைப் போல அசையவில்லை. அண்ணன் மகன் 1/2000 வினாடி ஷட்டரில் அதை எடுத்தான். கண்ணின் ஒளிப்புள்ளி வரை தெரிகிற படம், 55-250 லென்ஸில். நானூறு கிராம்கூட இல்லாத அந்த லென்ஸைப் பலர் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள், அது எனக்கு வருத்தமான விஷயம்.

சரி, அணை வேறு, மலை வேறு. போகிற வழியில் என்னென்ன பார்க்க வாய்ப்பு என்று ஒரு தாளில் எழுதினோம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. காவிரி தெற்கு 2022இல், கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டருக்கு. கர்நாடகப் பக்கத்துக் காவிரிச் சரணாலயத்தோடு தொடர்ச்சியாக இருக்கிற காடு என்பதால் யானைகளுக்கு இது பெரிய நடைவழி. ஆற்றில் நீர்நாய், சதுப்பு முதலை. மேட்டில் நாற்கொம்பு மான் வரை உண்டு. ஆற்றோர நீர்மருது, புளிய மரங்களில் சாம்பல் நிற மலை அணில். இப்போது பாருங்கள், இவை எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் சரிப்படாது. மலை அணில் தலைக்குமேல் இருபது மீட்டரில் இருக்கும், அதற்கு 250 தாராளம். அங்கே பிரச்சினை இலை நிழலும் வெளிச்சமும்தான். நீர்நாய் ஆற்றின் அக்கரைப் பாறையில் இருக்கும், அதற்கு 600கூடக் குறைவு.

யானை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நானூறு மீட்டரில் நிற்கும் யானையை 250 எம்எம்மில் எடுத்தால் காட்சியின் அகலம் முப்பத்தைந்து மீட்டர் வரும். யானை அதில் ஆறில் ஒரு பங்கு. சுற்றி மூங்கில், காய்ந்த புல், பாறை எல்லாம் கிடைக்கும். நான் விரும்புகிற யானைப் படம் அதுதான். பிரேம் முழுக்கத் தும்பிக்கையும் தந்தமும் நிரப்பி எடுத்தால் அது இந்தப் பக்கத்து மேலகிரி மலையில் எடுத்ததா, வேறெங்காவது எடுத்ததா என்று படத்துக்கே தெரியாது.

அடுத்தது எடை. இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.93 கிலோ. டாம்ரான் 150-600 ஜி2 இரண்டு கிலோ. நிக்கான் 200-500 இன்னும் கனம், 2.3 கிலோ. கேனானின் பழைய 400 எம்எம் எஃப் 5.6 லென்ஸ் (எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) 1.25 கிலோதான், படம் கூர்மையாக வரும், பறக்கும் பறவைக்கு இன்றைக்கும் அருமையான லென்ஸ். ஆனால் 1993ஆம் வருஷத்துச் சரக்கு, அதில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி கிடையாது. கேனானின் புது மிரர்லெஸ் (ஆர்எஃப் மவுன்ட்) கேமரா வைத்திருப்பவர்களுக்கு 100-400 எஃப் 5.6-8 என்று ஒன்று இருக்கிறது, 635 கிராம். பேருந்தில் போய்வருகிறவர் எவராவது என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். தோளில் இரண்டு கிலோ தொங்கவிட்டுக்கொண்டு, தேன்கனிக்கோட்டை பேருந்தில் நின்றபடி வந்து, அதன்பிறகு நடந்து, கையைத் தூக்கி நடுங்காமல் பிடிப்பது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை. எங்களுக்குக் கார் இருந்ததால் மட்டுமே 150-600 என்ற பேச்சுக்கே இடம் கொடுத்தேன்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எம்எம்மைக் கூட்டுகிற டெலிகன்வர்ட்டர் பற்றியும் கேட்டான். 1.4 மடங்கு என்றால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போகும், 2 மடங்கு என்றால் இரண்டு ஸ்டாப். 150-600இன் நுனியில், அதாவது 600இல், ஏற்கெனவே எஃப் 6.3. அதில் 1.4 போட்டால் எஃப் 9 ஆகிவிடும், 1500டி போன்ற கேமராவின் ஆட்டோஃபோகஸ் அங்கே கைவிட்டுவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வைத்திருப்பது நிக்கான் பி900. 2015இல் வந்த பிரிட்ஜ் கேமரா, 83 மடங்கு ஜூம், முழு பிரேம் கணக்கில் 24 முதல் 2000 எம்எம் வரை. எடை 900 கிராமுக்குள். லென்ஸ் மாற்றுகிற வேலை இல்லை, அதனால் செம்மண் தூசி சென்சாருக்குப் போகாது. அறுபது மீட்டரில் இருந்த அந்த மீன்கொத்தி என் கேமராவில் பிரேமின் கால்வாசிக்கு மேல் வந்தது, அண்ணன் மகன் வாயைப் பிளந்தான். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. முழு ஜூமில் பறவை தப்பிவிட்டால் அதை அழுத்த, காட்சி சட்டென்று அகலமாகி, பறவை எங்கே என்று காட்டி, விட்டதும் பழைய ஜூமுக்கே திரும்பும். 2000 எம்எம்மில் அந்தப் பொத்தான் இல்லாமல் எதையும் தேடிப் பிடிக்க முடியாது.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பி900இன் சென்சார் பரப்பளவு முழு பிரேமில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். முழு ஜூமில் எஃப் 6.5. மேகமூட்டமான விடியற்காலையில் 1/500 ஷட்டர் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 2000 பக்கம் ஏற்ற வேண்டியிருக்கும், ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளிகள் வரும். 1500டியில் அது தாங்கக்கூடிய புள்ளிதான். பி900இல் இறகின் வரிகள் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடும். ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற படம்) கிடையாது, பின்னால் வந்த பி950, பி1000 இரண்டிலும் உண்டு. வெயில் வந்தபிறகு என் கேமரா, விடியலிலும் மரநிழலிலும் அவன் கேமரா என்று பிரித்துக்கொண்டோம். பட்ஜெட் இருப்பவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ்10 4 நடுவழி: 24-600, நுனியிலும் எஃப் 4, சென்சார் பி900ஐவிட நான்கு மடங்கு பெரிது.

வெயில் என்றதும் கானலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்தில் எல்லா லென்ஸையும் தோற்கடிப்பது அதுதான். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் பாறையும் தார் ரோடும் சூடேறிவிட்டால், நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கிற எதுவும் நெளியத் தொடங்கும். அதை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஃபோகஸ் சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்று சர்வீஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் நடுவில் இருக்கிற காற்று மாறாது. தை மாதக் குளிரிலும் ஒரு வகைக் கானல் உண்டு: கார் உள்ளே கதகதப்பாக, வெளியே பனியாக இருக்கும்போது கண்ணாடியை இறக்கினால் வெப்பக்காற்று லென்ஸுக்கு முன்னால் வழிந்து போகும், படம் மங்கும். நாங்கள் அஞ்செட்டி வருவதற்கு முன்பே கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தோம். அண்ணிக்குத்தான் பிடிக்கவில்லை.

டிரைபாட் எடுக்கவில்லை. காரிலிருந்து எடுக்க அது உதவாது, பரிசலில் வைக்கவே முடியாது. அதற்குப் பதில் ஒரு மஞ்சப்பை, அதில் ஒன்றரைக் கிலோ கொள்ளு. பையைக் கொஞ்சம் தளர்வாக விட்டு வாயை இறுக்கிக் கட்டவேண்டும், நிறைத்துவிட்டால் உருளும். கண்ணாடியைப் பாதிக்கு இறக்கி, பையை அதன்மேல் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி போட்டு, நடுவில் லென்ஸை அழுத்தினால் தானாகவே குழி விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட வேண்டும், அந்த அதிர்வு 600 எம்எம்மில் அப்படியே படத்தில் வரும். அரிசியையும் போட்டுப் பார்த்திருக்கிறேன், அது சீக்கிரம் இறுகிவிடுகிறது. கொள்ளு விட்டுக்கொடுத்து உட்காருகிறது, எங்கள் ஊர்ச் சந்தையில் எங்கேயும் கிடைக்கிறது, வீட்டுக்கு வந்ததும் ரசத்துக்கு ஆகிறது.

இன்னொன்று, பைனாகுலர். 8x42 ஒன்று, எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. கேமராவின் குறுகலான காட்சியில் மலைச்சரிவைத் துழாவிக்கொண்டிருந்தால் கண் வலிதான் மிச்சம். முதலில் பைனாகுலரில் தேடி, பக்கத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு, அதாவது பட்ட மரம், வெள்ளைப் பாறை ஏதாவது, அப்புறம் கேமராவை அந்த அடையாளத்துக்கு அகலமாக வைத்து, அங்கிருந்து ஜூம் பண்ணிப் போகவேண்டும். படம் எடுக்காத அண்ணிக்கும் அண்ணனுக்கும் பயணம் முழுக்கச் சந்தோஷத்தைக் கொடுத்தது அந்த பைனாகுலர்தான். எதிர்ச்சரிவில் யானைகளை முதலில் பார்த்ததும் அண்ணிதான்.

இந்த இடத்தில் ராகிக் காலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி காடுகளுக்குள் வரும். தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை போகும். அதே மாதங்களில்தான் ராகி கதிர் முற்றி, அறுத்துப் போர் போட்டிருப்பார்கள். பரண்மேல் ராத்திரி முழுக்க டார்ச்சும் பட்டாசும் வைத்துக்கொண்டு காவல் இருக்கிற குடும்பங்களுக்கு யானை என்பது ஒரு வருஷச் சாப்பாட்டுப் பிரச்சினை. நாங்கள் போன வழியில் ஒரு ஊருக்குப் பக்கத்தில் இருபது முப்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். வயலுக்கு அப்பால் தோப்பில் யானைகள். அண்ணன் மகன் காரை ஓரம் கட்டப் பார்த்தான். கையில் தடியோடு நின்ற ஒரு பெரியவர் வந்து, "நிறுத்தாதீங்க தம்பி, ஜனம் சேரச் சேர அது காட்டுக்குப் போற வழி அடைஞ்சுபோவுது, ராத்திரி திரும்பவும் எங்க வயல்லதான் வந்து நிக்கும்" என்றார். அவன் பேசாமல் வண்டியை எடுத்தான். ஒரு படமும் எடுக்காமல் அந்த இடத்தைக் கடந்தது அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த சரியான காரியங்களில் ஒன்று. விரட்டப்படுகிற யானையை எடுக்க எந்த லென்ஸும் வேண்டாம். சரணாலயத்துக்குள் நுழையவும் படம் எடுக்கவும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அனுமதி வாங்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் போகிற நாம் காரைவிட்டு இறங்கிக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

நல்ல யானைப் படம் அதற்கப்புறம்தான் கிடைத்தது. நாட்றாம்பாளையத்துக்கு முன்னால் ஒரு வளைவில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு தாயும் குட்டியும். கொள்ளுப் பையும் 150-600ம் (அது எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன்) தயாராக இருந்தன. அவன் 600இல் தொடங்கி, மெல்ல 300க்கு வந்து, அங்கேயே நிறுத்தி எடுத்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஒகேனக்கல்லில் பெரிய லென்ஸைக் காரிலேயே வைத்துவிட்டோம். அருவிப் பக்கம் சாரல் நிற்காது, பரிசலில் அடியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும், சுற்றும்போது பிடிமானமும் இல்லை. 55-250ஐ ஒரு பாலித்தீன் பையில் போட்டு, முன்பக்கம் ஓட்டை விட்டு, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப்போனோம். லென்ஸ் துடைக்கிற துணி இரண்டு, ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்ந்தது. ஆற்றோர மரத்தில் மலை அணில் ஒரு கிளையில் குப்புறப் படுத்து வாலைத் தொங்கவிட்டிருந்தது. 250இல் அடங்குகிற தூரம். நீர்நாய் தென்படவில்லை. காவிரியில் தண்ணீர் அதிகமாக வரும்போது பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், போகிறவர்கள் அதை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அந்த 150-600 வாங்கியது இல்லை, பெங்களூரில் வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தது. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்டார்கள். வாடகைக்கு எடுக்கிறவர்கள் கடையிலேயே செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு. முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள், பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி இழை தெரியும். ஜூம் வளையத்தைச் சுற்றி எங்காவது இடறுகிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த கேமராவில் மாட்டி, கடைக்கு வெளியே தூரத்துப் பெயர்ப் பலகையை 600இல் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பயன்படுத்திய லென்ஸ் விலைக்கு வாங்கும்போதும் இதேதான். திரும்பி வந்ததும் சாரல் பட்ட கேமராவைப் பையில் மூடி வைக்காமல் மின்விசிறிக்குக் கீழ் ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள்.

அண்ணன் மகன் இன்னும் எதையும் வாங்கவில்லை. பயணத்தில் எடுத்தவற்றைக் கணினியில் போட்டு, எந்தப் படம் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று பிரித்துப் பார்த்தான். அவனுக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் 400க்குக் கீழே இருந்தன. சித்திரையில் அணைத் தண்ணீர் இறங்கும்போது பறவைகள் எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று இன்னொரு தடவை அளந்துவிட்டு, பழைய 400 எம்எம் ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறதா என்று தேடலாம் என்று பேசியிருக்கிறோம்.